பேட்டா செயலிகள்: ஆபத்து பெயரில் இல்லை, வரும் வழியில் உள்ளது

புதிய வசதிகளைப் பிறருக்கு முன்பே பார்த்துவிடும் ஆர்வத்தில் இளையோர் பலர் ‘பேட்டா’ எனப்படும் சோதனைப் பதிப்புகளைக் கைப்பேசியில் நிறுவுகின்றனர். செயலி முழுமையாக வெளியாகும் முன் குறைகளைக் கண்டறிய நிறுவனங்கள் தரும் முறையான வாய்ப்பு இது. ஆனால், இந்தப் பெயரை மோசடிக் கும்பல்களும் பயன்படுத்துகின்றன. சோதனைச் செயலி என்ற போர்வையில் முதலீட்டு மோசடி நடப்பதாக 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது.

முறையான வழிகள் தெளிவானவை. ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்திலேயே சோதனையில் சேரலாம். வேண்டாமென்றால் அங்கேயே விலகலாம். ஐபோனில் ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் உள்ளது. அதில் ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு வேறு கதை. திருமண அழைப்பிதழ் என்றும் சலுகை விலைச் சேவை என்றும் மலேசியாவில் அது பல வேடங்களில் வந்துள்ளது. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதித்தால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் கும்பலின் கைக்குப் போய்விடும். இதனால்தான் குறுஞ்செய்திக் கடவுச்சொல்லைக் கைவிடுமாறு 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. இத்தகைய அனுமதி கேட்கும் வெளிச் செயலிகளைத் தானாகவே தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தை, 2024 பிப்ரவரியில் கூகுள் சிங்கப்பூரில் அறிவித்தது.

இருப்பினும் தொழில்நுட்பத் தடுப்பு மட்டும் போதாது. தோட்டமானாலும் நகரமானாலும், பெற்றோரின் கைப்பேசியில் செயலிகளை ஏற்றித் தருவது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். சம்பளமும் சேமிப்பும் அடங்கிய வங்கிச் செயலி அதே கைப்பேசியில் இருக்கும்போது, பிள்ளையின் சோதனை குடும்பத்தின் பணத்தைப் பணயம் வைப்பதாகிவிடும்.

சோதிக்க விரும்புவோர் வங்கிச் செயலி இல்லாத பழைய கைப்பேசியைப் பயன்படுத்தலாம். படங்களையும் தொடர்பு எண்களையும் முன்கூட்டியே நகலெடுத்து வைப்பது நல்லது. வேலைக்குத் தொடர்பில்லாத அனுமதியைக் கேட்டால் மறுக்க வேண்டும்.

தவறி நிறுவிவிட்டால், முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியையும், மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைப்பது கும்பலுக்கே உதவும்.