எரிகிற விளக்கு சாட்சியாகாது

பின்கட்டை நீட்டிச் சமையலறையை விசாலப்படுத்துவதும், கூடத்துக்குப் பிளாஸ்டர் சீலிங் போட்டு அதில் சின்னஞ்சிறு விளக்குகளைப் பதிப்பதும், குளியலறைச் சுவரில் வெந்நீர் ஹீட்டரை மாட்டுவதும் செனாவாங்கின் தாமான்களில் ஏறக்குறைய ஒரு குடும்பச் சடங்காகவே ஆகிவிட்டன. ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் தொழிற்பேட்டையும், அதை ஒட்டி வரிசை வீடுகளும் எழும்பிய காலத்தில், தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறி, மாதத் தவணையில் வீடு வாங்கிக் குடியேறிய தலைமுறை, சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் முதற்காரியமாகச் செய்வது ரெனோவேஷன்தான். அதில் டைல்ஸின் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் விவாதிக்கிறோம், அலமாரிக் கைப்பிடியைப் பற்றி ஒரு வாரம் விவாதிக்கிறோம், சுவருக்குள் ஓடும் ஒயரைப் பற்றி ஒரு நிமிஷங்கூடப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. புதன்கிழமை மாலையில் கொன்ட்ரேக்டர் என்னை வீடு முழுவதும் அழைத்துச் சென்று, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, ஒவ்வொரு விளக்கும் எரிவதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். எரிந்தன. அந்த வெளிச்சத்தில் மனம் குளிர்ந்து, கடைசித் தவணையான 3,000 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். பூஜை முடிந்து மூன்றாம் நாள் மழை பெய்தது. பெய்த கால் மணி நேரத்தில் வீடு இருண்டது. மெயின் பெட்டியில் டிரிப்பர் விழுந்திருந்தது. தூக்கினால் நிற்கவில்லை. போனில் அழைத்தபோது அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "ஐயா, ஒன்னும் பயப்படாதீங்க. அந்த டிரிப்பரு ரொம்ப சென்சிட்டிவ். நாளைக்கு ஆள அனுப்பி டைரக்டா குடுக்கச் சொல்றேன், அப்புறம் விழவே விழாது."

விழவே விழாது என்பது உண்மைதான். காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டால் அவன் கூச்சலிடமாட்டான்.

மறுநாள் அந்த ஆள் வருமுன், நாலு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற ஒயர்மேன் ஒருவரை அழைத்து வந்தேன். சீலிங்கின் ஓரத்தில் ஒரு பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டவர், வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "அண்ணே, இத யாரு செஞ்சா?" என்று மட்டும் கேட்டார். கொல்லைப்புற விளக்குக்குப் போன ஒயர், ஒரு பெட்டிகூட இல்லாமல், முறுக்கி டேப் சுற்றிய நிலையில் ஓட்டுக்கடியில் கிடந்தது. மழை நீர் அதில் இறங்கி, மின்சாரம் ஈரச் சுவர் வழியாகக் கசிந்ததைத்தான் டிரிப்பர் தன் பாஷையில் சொல்லியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் குளியலறையில் இருந்தது. ஹீட்டருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுக்காமல், சமையலறைப் பிளக் பாயிண்டிலிருந்தே ஒரு கிளையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சாதாரணமாக வீடுகளில் மாட்டும் ஹீட்டர் 3.6 கிலோவாட், 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். அதே ஒயரில் கெட்டிலும் ஓவனும் ஓடும்போது அது எவ்வளவு சூடாகும் என்பதற்குக் கணிதம் வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, எர்த் ஒயராகிய பச்சை நிற ஒயர் ஹீட்டரின் பின்னால் நறுக்கிவிடப்பட்டு, எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஹீட்டரில் என் மனைவி நான்கு நாள் குளித்திருந்தாள்.

இங்கேதான் இந்த விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. மேஸ்திரியின் பிழை கண்ணுக்குத் தெரியும். சுவர் கோணினால் குழந்தையும் சொல்லும். பிளம்பரின் பிழை ஒழுகும். மின்வேலையின் பிழையோ பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும். எர்த் இல்லாத பிளக்கில் குளிர்சாதனப் பெட்டி சமர்த்தாக ஓடும். கரண்டு வரும் ஒயரில் வைக்கவேண்டிய சுவிட்சை நியூட்ரல் ஒயரில் வைத்துவிட்டாலும், தட்டினால் விளக்கு எரியும், தட்டினால் அணையும். ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நின்றுகொண்டிருக்கும், பல்பு மாற்ற ஏணி ஏறுகிறவனுக்காகக் காத்துக்கொண்டு. ஆகையால், விளக்கு எரிகிறது என்பது விளக்கு எரிகிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. வேலை சரியாக முடிந்திருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சியாகாது.

டிரிப்பரைப் பழிப்பவர்களுக்கு அதன் பூர்வோத்தரம் தெரிந்திருப்பது நல்லது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், மனிதன் பிடித்த கம்பியைத் தானாகவே விட்டுவிடக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை எது என்பதைத் தன்னார்வலர்களை வைத்தே பரீட்சித்தவர். ஆண்களில் ஏறக்குறைய எல்லோராலுமே 9 மில்லியாம்பியர் வரையில் கையை விடுவித்துக்கொள்ள முடிகிறது, பெண்களுக்கு அந்த எல்லை 6 என்று அவர் கண்டார். அதற்குமேல் போகப் போகத் தசைகள் இறுகி, கை கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. கசியும் மின்சாரத்தை உணர்ந்து நொடிக்குள் துண்டிக்கும் கருவி ஒன்றை 1961-இல் உருவாக்கியவரும் அவரே. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியாம்பியரிலும், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லியாம்பியரிலும், மற்றவற்றுக்கு 100 மில்லியாம்பியரிலும் விழக்கூடிய டிரிப்பர் வேண்டும் என்று விதிக்கின்றன. என் வீட்டில் இருந்ததோ மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு 100. அதைத்தான் அவர் "ரொம்ப சென்சிட்டிவ்" என்றார்!

இதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. புதிய ஒயரிங்கானாலும், பழையதை மாற்றுவதானாலும், இருப்பதை நீட்டுவதானாலும், தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேன் ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான் அது நடக்கவேண்டும். முடிந்தபின் அவர் மேற்பார்வைக்கும் நிறைவுக்கும் ஒரு சான்றிதழும், பரிசோதனைக்கு ஒரு சான்றிதழும் கையெழுத்திட்டுத் தரவேண்டும். பாரம் ஜி, பாரம் எச் என்று தொழிலில் உள்ளவர்கள் அவற்றைச் சொல்வார்கள். தகுதிச் சான்று வழங்கும் அதிகாரம், 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான எரிசக்தி ஆணையத்தினுடையது. தெனாகா நேஷனலை அழைத்துப் பயனில்லை; மீட்டரோடு அவர்கள் பொறுப்பு தீர்ந்தது, மீட்டருக்கு இப்பால் உள்ளதெல்லாம் வீட்டுக்காரர் பாடு. இவ்வளவு தெளிவான ஏற்பாடு இருந்தும், எங்கள் தெருவில் ரெனோவேஷன் செய்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன்: அந்த இரண்டு பாரங்களைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

ஏன் நாம் கேட்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் வேறொரு காரணத்தைச் சந்தேகிக்கிறேன். என் சிறு பிராயத்தில், தோட்டத்து லயத்தில், மின்சாரம் என்பது தொழிற்சாலை எஞ்சின் ஓடும்வரை வரும் ஒரு தயவு. இராத்திரி எஞ்சின் நின்றால் பாதிச் சோற்றில் விளக்கு அணையும், சிம்னி விளக்கைத் தேடுவோம். நம்முடைய வீடும் நம்முடையதன்று, அதில் ஓடிய ஒயரும் நம்முடையதன்று. பழுதானால் கிராணியிடம் சொல்லிக் காத்திருப்பதைத் தவிர நமக்கு அதில் பாத்தியதை எதுவுமில்லை. தேசிய மின்சார வாரியம் வந்து, 1990-இல் அது தெனாகா நேஷனலாகி, நாமும் வீட்டுக்குச் சொந்தக்காரர்களாகி இத்தனை காலம் ஆகியும், விளக்கு எரிந்தாலே கும்பிட்டுவிடுகிற அந்தப் பழைய மனோபாவம் நம்மை விட்டுப் போகவில்லை. வாடகைக்காரன் நன்றி சொல்லலாம். சொந்தக்காரன் கணக்குக் கேட்கவேண்டும்.

கொன்ட்ரேக்டர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமன்று. மூன்று பேரிடம் விலை கேட்டு, மூவரில் குறைந்தவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டு, டைல்ஸ் ஒட்டி முடிந்தபின் "இங்கே இன்னொரு பிளக் பாயிண்ட் வைத்தால் நன்றாயிருக்குமே" என்று கேட்டவன் நான்தான். தீபாவளிக்கு முன் முடிக்கவேண்டும் என்று நிர்ப்பந்தித்தவனும் நான்தான். முடிந்த சுவரை மறுபடி வெட்டச் சொல்ல மனமில்லாமல், கிடைத்த இடத்திலிருந்து கிளை பிரிக்க அவருடைய ஆட்கள் துணிந்ததில் என் பங்கும் உண்டு. ஆயினும், எனக்குத் தெரியாது என்பது மன்னிக்கத்தக்கது. அவருக்குத் தெரியும் என்பது அப்படியன்று. சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்யவேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்ட உத்தரவாதம். அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையில் நஷ்ட ஈடு கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். போகிறவருக்கு ரசீதும், எழுத்து மூலமான விலைப் பட்டியலும், படங்களும் வேண்டும். என்னிடம் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு குரல் பதிவுகளும், பூஜையன்று எடுத்த குடும்பப் படங்களுமே இருந்தன.

வழக்கு அப்புறம். வழக்குக்கு முந்திய ஆயுதம் ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது; அது கடைசித் தவணை. சுவரைப் பூசுவதற்கு முன்னும், சீலிங்கை மூடுவதற்கு முன்னும், ஒயர் போகும் வழியை அறை அறையாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடிக்கும் நாளிலும் அது உதவும். வேலையை ஒப்படைக்கும் நாளில் சுவிட்சைத் தட்டிக் காட்டுவதோடு திருப்தியடையாமல், ஒயர்மேன் தம் மெகர் கருவியைக் கொண்டுவந்து, 500 வோல்ட்டில் ஒயர்களின் காப்பைச் சோதித்து, ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் இருக்கிறதா, ஒயர்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, டிரிப்பர் எத்தனை மில்லியாம்பியரில் விழுகிறது என்று அளந்து, அதைத் தாளில் எழுதித் தரட்டும். ஒழுங்காக வேலை செய்தவருக்கு இது ஒரு முற்பகல் வேலை. இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் தாட்சண்யம் பார்க்கவேண்டியதில்லை.

என் வீட்டில் அந்தப் பழைய ஒயர்மேனே இரண்டு நாள் இருந்து, ஹீட்டருக்குத் தனி ஒயரும் 10 மில்லியாம்பியர் டிரிப்பரும் வைத்து, பிளக்குகளுக்கு 30 வைத்து, சீலிங்கில் ஐந்து இடத்தில் துளையிட்டு எல்லா முடிச்சுகளையும் பெட்டிக்குள் அடக்கினார். துளைகளை இன்னும் பூசவில்லை; பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இந்த வாரம் யார் வீட்டிலாவது பெயின்ட் காய்ந்துகொண்டிருந்து, கொன்ட்ரேக்டர் மீதிப் பணத்துக்கு வந்து நின்றால், தயவுசெய்து அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். அந்த இரண்டு பாரங்களும் கையெழுத்தோடு மேஜைமேல் வந்தபிறகு பணப்பையைத் திறங்கள்.