மெதுவாகப் பாடினால் யார் கேட்பார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை விட்டு, வாசலூர்பட்டி படகு இல்லத்தில் டூரிஸ்ட் கூட்டமும் வடிந்திருந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டுமே! கரையில் நானும் அண்ணன் மகளும்தான். பிளஸ் ஒன் படிக்கிறாள். முகம் தொங்கிக் கிடந்தது.

பள்ளி ஆண்டு விழாவில் பாட ஒரு மெதுவான பாட்டை எடுத்து ஒரு மாதமாகப் பயிற்சி செய்திருக்கிறாள். பாடிக் காட்டியதும், "நல்லாத்தான் இருக்கும்மா... ஆனா கூட்டம் உட்காராது. வேகமா ஏதாவது பாடேன்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏன் அத்தை, மெதுவாப் பாடினா யாருமே கேக்க மாட்டாங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. செல்போனில் இறக்கி வைத்திருந்த ஒரு பாட்டைப் போட்டு (இந்த மலையில் சிக்னலை நம்பிப் பாட்டுக் கேட்க முடியாது), இயர்போனில் ஒன்றை அவள் காதில் வைத்தேன்.

"யாரு அத்தை இது? அமெரிக்காக்காரங்களா?"

"பம்பாய்க்காரங்க. பேரு ஆஷா புத்லி."

உங்களில் பலருக்கும் இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். உஷா உதுப்பைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உஷா ஐயராக மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடி, அங்கிருந்து கல்கத்தா பார்க் தெருவுக்குப் போனவர். அதே பம்பாயில், அதே அறுபதுகளில் ஜாஸ் பாடத் தொடங்கிய இன்னொரு பெண்தான் ஆஷா. பிறந்தது 1945-ல். உஷா இங்கேயே இருந்து நம் வீட்டுப் பெண் ஆகிவிட்டார். ஆஷா விமானம் ஏறிவிட்டார்.

ஆஷா சின்ன வயதிலேயே இந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொண்டவர். ஒரு பக்கம் ராகம், இன்னொரு பக்கம் ரேடியோவில் கேட்ட ஜாஸ். எழுத்தாளர் வேத் மேத்தா 1970-ல் வெளியிட்ட தன் இந்தியப் பயண நூலில், பம்பாய் ஜாஸ் பற்றி எழுதும்போது இந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதினார். அமெரிக்கா போக வழி தேடி, ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாகவும் வேலை பார்த்தார் ஆஷா. கடைசியில் மார்த்தா கிரஹாம் நடனப் பள்ளி உதவித்தொகை கொடுக்க, நியூயார்க் போய்ச் சேர்ந்தார். போனது நடனத்துக்கு. ஆனால் மனசெல்லாம் பாட்டு!

அங்கே அவர் குரலைக் கேட்டவர் ஜான் ஹாமண்ட். கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்காரர். பில்லி ஹாலிடே, பாப் டிலன், அரீத்தா பிராங்க்ளின் எல்லோரையும் ஆரம்பத்திலேயே அடையாளம் கண்ட காது அவருடையது.

பில்லி ஹாலிடேவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜாஸில் 'பேலட்' என்றால் மெதுவான பாட்டு. பெரும்பாலும் காதல், பிரிவு, ஏக்கம். ஜாஸ் பாடகர் ஒருவர் ஒரு கட்டத்துக்கு வந்ததும் இப்படிப்பட்ட பாட்டுகளை மட்டுமே தொகுத்து ஒரு ஆல்பம் போடுவது வழக்கம். ஒருவகையில் பரீட்சை மாதிரி. வேகமான பாட்டில் தாளம் தூக்கிக்கொண்டு போய்விடும். மூச்சு பிசகினாலும் தெரியாது. மெதுவான பாட்டில் எல்லாமே காதில் விழும்.

பில்லி ஹாலிடே 1958-ல் பாடிய 'லேடி இன் சாட்டின்' அப்படியொரு ஆல்பம். அப்போது அவருக்கு 42 வயது. குடியும் போதையும் சிறையும் குரலை அரித்திருந்தன. பின்னால் வழவழவென்று வயலின் கூட்டம், முன்னால் கரகரத்த குரல். இசையமைத்த ரே எல்லிஸுக்கே முதலில் ஏமாற்றம்தான். பிறகு பாட்டுகளை உட்கார்ந்து கேட்டபோதுதான் மனம் மாறினார். அடுத்த ஆண்டே, 1959 ஜூலையில், பில்லி ஹாலிடே போய்விட்டார். இரவில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அந்த பில்லியைக் கண்டெடுத்த ஹாமண்ட், ஆஷாவை யாரிடம் அனுப்பினார் தெரியுமா? ஆர்னெட் கோல்மனிடம்! சாக்ஸபோன் மேதை. ஜாஸின் வழக்கமான கட்டுமானத்தையே கலைத்துப் போட்டவர். 'இதெல்லாம் சங்கீதமா?' என்று சண்டை போட்டவர்களும் உண்டு, கொண்டாடியவர்களும் உண்டு. (2007-ல் அவருக்குப் புலிட்சர் பரிசே கிடைத்தது. அதற்குள் சண்டை ஓய்ந்துவிட்டது.) அவர் ஒரு ஆல்பத்துக்காக இரண்டு பாட்டு எழுதி வைத்து, பாடக் குரல் தேடிக்கொண்டிருந்தார்.

1971-ல் ஒலிப்பதிவு. அடுத்த ஆண்டு 'சயின்ஸ் பிக்‌ஷன்' என்ற பெயரில் ஆல்பம் வந்தது. ஆஷா பாடியவை அந்த இரண்டே இரண்டு பாட்டுதான். ஒவ்வொன்றும் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டுமே மெதுவான பாட்டு. ஆனால் பின்னால் நடப்பதைக் கேட்க வேண்டுமே! பில்லி ஹிக்கின்ஸ், எட் பிளாக்வெல் என்று இரண்டு டிரம்மர்கள், இருவரும் ஒரே நேரத்தில் சடசடவென்று கொட்டுகிறார்கள். பேஸ் ஒரு பக்கம் ஓடுகிறது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் குரலோடு சேர்ந்து நீள நீளமாக இழுக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஆஷா அவசரமே படாமல் ஒவ்வொரு சுரமாக நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார். எங்கள் அருவியில் தண்ணீர் அடித்துக்கொண்டு விழும்போது ஓரத்துப் பாறையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி.

இது எங்கிருந்து வந்தது? என் கணக்கு இது: இந்துஸ்தானி கயாலில் 'விளம்பித்' என்று ஒன்று உண்டு. நம் கர்நாடக சங்கீதத்துச் சவுக்க காலம் மாதிரி. தபலா தன் வழியில் சுற்றிக்கொண்டிருக்க, பாடுகிறவர் ஒரு சுரத்தில் நின்று, நிதானமாக ராகத்தைத் திறக்க வேண்டும். அதில் ஊறிய குரலுக்கு இரண்டு டிரம் என்ன, நாலு டிரம் இருந்தாலும் பயமிருக்காது. அமெரிக்க ஜாஸ் பாடகிகளில் அந்தப் பயிற்சி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அதற்குப் பிறகு கதை கொஞ்சம் கோணலாகத்தான் போனது. தனி ஆல்பங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1973-ல் லண்டனில் முதலாவது. 1976-ல் ஜெர்மனியில் உருவான 'தி டெவில் இஸ் லூஸ்', டிஸ்கோ பக்கம் போய்விட்டது. அதிலுள்ள 'ஸ்பேஸ் டாக்' நியூயார்க் நடன அரங்குகளில் சுற்றியது. பிறகு மகனை வளர்ப்பதற்காகப் பாட்டிலிருந்து ஒதுங்கினார். 1997-ல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி என்ற ராப் பாடகரின் ஆல்பத்தில் 'ஸ்பேஸ் டாக்'கின் துணுக்கு வந்தபோது, 'யார் இந்தக் குரல்?' என்று இளைஞர்கள் தேட ஆரம்பித்தார்கள். இன்றும் டிஸ்கோ பாடகியாக அவரைத் தெரிந்தவர்கள்தான் அதிகம்.

எனக்கு அதில்தான் ஆதங்கம். டிஸ்கோ பாட ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த இரண்டு மெதுவான பாட்டை அவரைப்போல இன்னொருவர் பாடியிருக்க முடியுமா என்பது சந்தேகம். அப்படிப்பட்ட குரலைக் கொண்டு முழுசாக ஒரு பேலட் ஆல்பம் போட அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லையே! எட்டு, பத்துப் பாட்டு... பின்னால் ஒரு பியானோ, ஒரு பேஸ் போதும். முதல் ஆல்பத்தில் பில் விதர்ஸ் பாட்டொன்றை எடுத்துப் பாடியிருக்கிறார். அதைக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் ஏரி மேல் மூடுபனி இறங்கிவிட்டது. அவள் நான் சொன்னதில் பாதியைக் கூடக் கேட்டிருக்க மாட்டாள். இன்னொரு இயர்போனையும் பிடுங்கி மாட்டிக்கொண்டு, அதே பாட்டை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். அகப்படவில்லை. விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தை, அந்த டிரம்முக்கு இவங்க பிடியே கொடுக்கல, பாத்தீங்களா?"

வீட்டுக்கு நடக்கும்போது தன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முன்னைவிட மெதுவாக. வியாழக்கிழமை மறுபடியும் பாடிக் காட்ட வேண்டுமாம். வேறு பாட்டு எதுவும் அவள் எடுக்கவில்லை.