இரண்டு வினாத்தாள், ஒரே வரிசை

2025 மே 8 அன்று தமிழ்நாட்டின் பிளஸ் 2 முடிவு வந்தது. 13 அன்று சிபிஎஸ்இ முடிவு. புதுச்சேரியின் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுத் தேர்வை எழுதின. அரசுப் பள்ளிகள் முதன்முறையாக சிபிஎஸ்இ தேர்வை எழுதின. அவ்வளவுதான், ஊரே கழித்தல் கணக்கில் இறங்கிவிட்டது. ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்தைக் கழிப்பது, வரும் மீதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியைத் திட்டுவது, இல்லாவிட்டால் அரசுப் பள்ளி ஆசிரியர்களைத் திட்டுவது. கழித்ததே பிழை என்று சொல்ல ஒருவரையும் காணோம்.

பிரெஞ்சுக்காரர்கள் போனதிலிருந்து நமக்கென்று ஒரு தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை அண்டியிருந்தன. மாஹே கேரளத்தை, ஏனாம் ஆந்திரத்தை. ஒரே அரசு, மூன்று வாரியம். மதிப்பெண் பிள்ளையைச் சொல்கிறதா, வாரியத்தைச் சொல்கிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இந்தியாவில் இல்லை. ஒருவரும் சோதிக்கவில்லை.

நான் சோதித்துவிடுகிறேன். 2023-ல் கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 99.70 சதவீதம். தமிழ்நாட்டில் 91.39. ‘பார்த்தீர்களா, கேரளம்!’ என்று அப்போது பெருமூச்சு விட்டவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகள்தான் இரண்டு ஆண்டு கழித்து, 2025-ல், பிளஸ் 2 எழுதினார்கள். கேரளத்தில் தேர்ச்சி 77.81. தமிழ்நாட்டில் 95.03. பத்தாம் வகுப்பில் எட்டுப் புள்ளி முன்னே நின்ற கேரளப் பிள்ளை பிளஸ் 2-வில் பதினேழு புள்ளி பின்னே போய்விட்டானா? இரண்டே ஆண்டில் மலையாளிகளுக்கு மூளை மழுங்கி, தமிழர்களுக்குத் தீட்டிக்கொண்டதா? இடையில் சிலர் வேறு படிப்புக்குப் போயிருப்பார்கள், உண்மைதான். அதற்காக இருபத்திரண்டு புள்ளி சரியாது. கேரளம் பத்தாம் வகுப்பில் கதவை அகலத் திறந்து பிளஸ் 2-வில் இறுக்குகிறது. தமிழ்நாடு அப்படிச் செய்வதில்லை. ஏனாம் பிள்ளைகள் எழுதிவந்த ஆந்திர வாரியமோ 2023-ல் 72.26, 2024-ல் 86.69, 2025-ல் 81.14 என்று ஊஞ்சலாடுகிறது. கோதாவரித் தண்ணீரா ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

இப்போது நம் பிள்ளைக்கு வருவோம். 2025-ல் அரசுப் பள்ளியில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய புதுச்சேரி முத்தியால்பேட்டை மாணவி, 2023-ல் தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்துப் பத்தாம் வகுப்பு முடித்தவள். அடுத்த மாதமே அவள் கையில் வேறு புத்தகம். அவளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியருக்கும் அது புதுப் புத்தகம்தான். புத்தகத்தின் பின்பக்க வினாக்களைக் கரைத்துக் குடித்தால் கரையேறலாம் என்று பழகியவளிடம், பாதி வினாக்கள் திறன் சார்ந்தவை என்று சொல்லும் தாளைக் கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளித் தனியார் பள்ளியில் படித்த அவளுடைய சித்தப்பா மகனுக்குப் பழைய வாரியம், பழைய வினாமுறை, போதாததற்குப் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு. இந்த இருவரின் மதிப்பெண்ணைத்தான் கழித்துப் பார்க்கிறார்கள்.

இதே ஊரில் மூன்றாவதாகவும் ஒரு தேர்வு நடக்கிறது. 1826-லிருந்து இருக்கும் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் பிள்ளைகள் எழுதுவது பிரான்சின் பக்கலோரேயா. இருபதுக்குப் பத்து எடுத்தால் தேர்ச்சி. பதினாறு எடுத்தால் ‘மிக நன்று’ என்று சான்றிதழிலேயே எழுதிக் கொடுப்பார்கள். பதினாறு என்றால் நம் கணக்கில் எண்பது சதவீதம். எண்பது எடுத்த பிள்ளையின் வீட்டில் அன்று அடுப்பு எரியாது, நம் தெருக்களில். லிசே பிள்ளையின் பதினாறையும் மிஷன் வீதிப் பிள்ளையின் தொண்ணூற்றாறையும் ஒப்பிட்டு ‘பிரெஞ்சுக்காரன் மக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. அது வேறு தேர்வு என்று சட்டென்று புரிந்துவிடுகிறது. ஏழைப் பிள்ளை என்று வரும்போது மட்டும் எல்லாத் தேர்வும் ஒன்றாகிவிடுகிறது.

‘மதிப்பெண் மதிப்பெண்தானே, சாக்கு எதற்கு?’ என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2009-க்கான பீசா சர்வதேசத் தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு, வாசிப்பிலும் கணிதத்திலும் 74 இடங்களில் 72, 73 என்று நின்றன. கீழே கிர்கிஸ்தான் மட்டும். உடனே டெல்லி சொன்ன காரணம், வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்பது. அடுத்த சுற்றுகளில் இந்தியா அந்தத் தேர்வை எழுதவில்லை. நாட்டுக்கு ஒரு நியாயம், முத்தியால்பேட்டைக்கு ஒரு நியாயமா?

தேர்ச்சி விகிதத்தைத் தூக்கிப்பிடிக்கும் தனியார் பள்ளிக்காரர்களின் வாதத்தை நான் பொருட்படுத்தப் போவதில்லை. வாசலில் ‘100 சதவீதம்’ என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும் எந்தப் பள்ளியும், ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளைகளின் எண்ணிக்கையை அதே ஃப்ளெக்ஸில் அச்சிடட்டும், பிறகு பேசலாம். அந்தப் பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் அரசுப் பள்ளி. சிபிஎஸ்இ-யே வேண்டாம், பழையபடி தமிழ்நாட்டு வாரியத்துக்குத் திரும்புவோம் என்பவர்களுக்கும் என்னிடம் நேரமில்லை. அவர்களுக்குத் தேவை அரசியல், பிள்ளை அல்ல.

சதவீதச் சண்டை வாய்ச்சண்டையோடு போனால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் தரவரிசையில் அது கல்லூரி இடமாக மாறுகிறது. நீட் தேவைப்படாத பொறியியல், கலை அறிவியல் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. மாநில வாரிய மதிப்பெண்ணும் சிபிஎஸ்இ மதிப்பெண்ணும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. சமன்படுத்தினால் போயிற்று என்பார்கள். தமிழ்நாடு நுழைவுத் தேர்வை ஒழித்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு வழி இருக்கிறது: ஒரு பாடத்தில் மற்ற வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்கு இணையாக்கி, மற்றவர்களை அதே விகிதத்தில் உயர்த்துவது. கேட்க நன்றாக இருக்கிறது. கணிதத்தில் அங்கும் ஒருவர் 100, இங்கும் ஒருவர் 100 எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நூறை நூறால் வகுத்தால் ஒன்று. 68 எடுத்த பிள்ளை 68-லேயே நிற்பாள். எங்கோ டெல்லியிலோ கொச்சியிலோ ஒரு பிள்ளை நூறு எடுத்த புண்ணியத்தில் நம் பிள்ளைக்கு ஒரு புள்ளிகூட ஏறாது.

ஆகவே சமன்படுத்தும் வித்தையே வேண்டாம். விண்ணப்பித்தவர்களில் எந்த வாரியத்தார் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில் இடங்களைப் பிரித்து, சிபிஎஸ்இ பிள்ளை சிபிஎஸ்இ பிள்ளையோடும் மாநில வாரியப் பிள்ளை மாநில வாரியப் பிள்ளையோடும் போட்டியிடட்டும். உடனே 1970-களின் இலங்கையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அங்கே ஒரே தேர்வை எழுதியவர்களின் மதிப்பெண்ணை மொழி பார்த்தும் மாவட்டம் பார்த்தும் திருத்தி, யாழ்ப்பாணப் பிள்ளைகளின் மருத்துவ, பொறியியல் இடங்களைப் பறித்தார்கள். இங்கே நடப்பது இரண்டு தேர்வு. அந்த ஒப்பீடு செல்லாது.

அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 10 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பெற்றுத் தந்த அரசுக்கு இது பெரிய காரியமில்லை. சென்டாக் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். கூடவே, அரசுப் பள்ளி, தனியார் பள்ளித் தேர்ச்சி விகிதங்களை ஒரே அட்டவணையில் வெளியிடுவதைக் கல்வித் துறை அடுத்த மே மாதத்துக்குள் நிறுத்தியாக வேண்டும்.