ஒரு சரக்கு, மூன்று கடைகள்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மூன்று பெயர்களில் இணையக் கடைகள் நடத்துகிறார். அத்தர், தொப்பி, முஸல்லா எனச் சரக்கும், படமும், விவரமும் ஒன்றே. "மூன்றுமே கூகுள் தேடலில் பின்தங்கிவிட்டனவே, ஹஜ்ரத்!" என்று வருந்தினார்.

வியப்பென்ன? ஒரே வாசகம் பல தளங்களில் இருந்தால், கூகுள் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றையே காட்டும். பிற தளங்கள் தரும் இணைப்புகளும் மூன்றாகச் சிதறும். ஆக, அவருக்குப் போட்டியாளர் அவரே! தேடலில் இடம்பிடிப்பதற்கென்றே ஒரே மாதிரியான தளங்களைப் பெருக்குவதைக் கூகுளின் விதிகளும் தடுக்கின்றன. 2015இல் அவ்விதி மேலும் இறுக்கப்பட்டது.

தீர்வு எளிது. ஒரு கடையை முதன்மையாக்கி, மற்றவற்றின் முகவரிகளை நிரந்தரமாக அதற்கே திருப்பிவிடலாம். இரண்டு கடைகள் தேவையெனில், ஒன்று மொத்த வணிகத்திற்கும் மற்றது சில்லறைக்கும் என நோக்கம் பிரிந்து, விவரங்கள் தனித்தனியே எழுதப்படல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று கடைகளில் விலை விசாரிக்கும் வாடிக்கையாளர், மூன்று வணிகரை ஒப்பிட்டதாக நம்புகிறார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கி ஈட்டும் இலாபம் நமக்கு வேண்டுமா? சிந்திப்போம்.