“ஆனால்”... அப்புறம் என்ன மாமா?

கச்சிராயபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போனால் கருவாட்டுக் குழம்பு நிச்சயம். இந்த முறை குழம்பு வைப்பதற்கு முன்பே எனக்கு வேலை வைத்துவிட்டாள்.

“அண்ணே, பிளஸ் டூ முடிச்சதும் கம்ப்யூட்டர் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேங்கிறான் இவன். நீதான் இருபது வருஷமா அதுலயே குப்பை கொட்டறியே, என்னன்னு கேளு.”

குப்பை கொட்டுவது என்று அவள் சொல்வது, நான் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குவதை. (வீட்டில் நம் மதிப்பு எப்போதுமே இவ்வளவுதான்.)

மருமகன் தமிழ் மீடியம். பாடத்தில் பைத்தான். சொந்தமாக ஏதாவது எழுதி வா என்றார்களாம். ஊருக்குப் பக்கத்திலேயே கோமுகி அணை, முழு உயரம் 46 அடி. பயல் அதை வைத்தே எழுதியிருந்தான். நீர்மட்டம் 46 ஆனால் ‘மதகைத் திற’ என்று திரையில் வரவேண்டும். ஒரே ஒரு ‘இஃப்’. அவ்வளவுதான் புரோகிராம்.

“30 குடுத்தா கம்முனு கிடக்கு மாமா. 46.5 குடுத்தாலும் கம்முனு கிடக்கு. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு லாஜிக் வராதாம்.”

46.5 அடிக்கும் கம்மென்று இருந்தால் என்ன ஆகும்? அணை தளும்பிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் மதகை மூடிக்கொண்டு தியானத்தில் இருக்கும். குழம்புச் சட்டி முதலில் மிதக்கும்.

“ஏன்டா, 46-க்கு மேலே போனா என்னன்னு எழுதவே இல்லையே?”

“46 ஆனா திறக்கணும்னா, அதுக்கு மேல போனாலும் திறக்கணும்னுதானே அர்த்தம்? கம்மியா இருந்தா மூடி வெக்கணும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணுமா மாமா?”

எனக்குச் சுருக்கென்றது. பையனுக்கு லாஜிக் வராமல் இல்லை. மனுஷ லாஜிக் ஜாஸ்தியாக வந்திருக்கிறது! 1971-ல் கெய்ஸ், ஸ்விக்கி என்ற இரண்டு அமெரிக்க மொழியியல்காரர்கள் இதைப் பற்றியே எழுதினார்கள். ‘புல்லை வெட்டினால் ஐந்து டாலர்’ என்று சொன்னால், வெட்டாவிட்டால் டாலர் இல்லை என்று கேட்பவன் தானாகவே எடுத்துக்கொள்கிறான். சொன்னவன் அதைச் சொல்லவே இல்லை. சொல்லாததைப் புரிந்துகொள்வதற்குப் பெயர்தான் நம் ஊரில் விவரம். மெஷினுக்கு அந்த விவரம் கிடையாது.

தமிழில் வேடிக்கை என்னவென்றால், சொல்லாததைச் சொல்வதற்கும் நம்மிடம் குட்டியாக ஒரு வார்த்தை இருக்கிறது. வாய்க்கால் கரையில் நின்று கேட்டுப் பாருங்கள். “தண்ணி விட்டா நடுவேன்” என்பார் ஒருவர். விடாவிட்டால் என்ன செய்வார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். “தண்ணி விட்டாத்தான் நடுவேன்” என்பார் அடுத்தவர். கவனியுங்கள், விட்டாலும் நடுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை! விடாவிட்டால் நடமாட்டார், அது மட்டும்தான் உறுதி. “விட்டாலும் விடாட்டியும் நடுவேன்” என்பார் மூன்றாமவர். அவரிடம் போர் இருக்கிறது. அவருக்கு ‘இஃப்’பே வேண்டாம். (என் ஆபீஸில் மாடி வைத்த ‘இஃப்’ கட்டி, இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்யும் புரோகிராம்கள் உண்டு. சிலவற்றை எழுதியவன் நான்.)

ஆல், ஆல்தான், ஆலும். லாஜிக் புத்தகம் அரை அத்தியாயம் எடுத்துக்கொள்வதை நம் ஆட்கள் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லிவிடுகிறார்கள்.

மருமகனுக்கு ‘எழில்’ காட்டினேன். தமிழிலேயே புரோகிராம் எழுதும் மொழி. முத்து அண்ணாமலை 2007-ல் தொடங்கியது, உள்ளே ஓடுவது பைத்தான்தான். அதில் இவன் அணை இப்படி வரும்:

@( நீர்மட்டம் >= 46 ) ஆனால்
பதிப்பி "மதகைத் திற"
இல்லை
பதிப்பி "மூடியே வை"
முடி

முதல் வரியைப் பாருங்கள். நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். இங்கிலீஷ்காரனின் ‘இஃப்’ மாதிரி தலையில் உட்காராமல், நாம் பேசுகிற வரிசையிலேயே வருகிறது. (அமெரிக்காவில் சார்லஸ் மூர் 1970 வாக்கில் செய்த ‘ஃபோர்த்’ மொழியிலும் நிபந்தனை முதலில், ‘இஃப்’ பிறகு. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.)

பயல் முதல் வரியை உரக்கப் படித்தான். “நீர்மட்டம் 46-க்குக் குறையலை... ஆனால்...” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “ஆனால்... அப்புறம் என்ன மாமா?”

விழுந்து விழுந்து சிரித்தேன். இவன் படித்தது ‘பட்’ என்கிற ஆனால். எழுதியிருப்பது ‘ஆறு மணி ஆனால் வா’ என்கிற ஆனால். புரிந்ததும் அவனும் சிரித்தான். அப்புறம் ஒரு போடு போட்டான்: “இதுல ‘ஆனால்தான்’ இல்லையா மாமா?”

இல்லை. வரிசையைத் தமிழாக்கியவர்கள் அதையும் சேர்த்திருக்கலாம். எனக்கு அது ஒரு குறைதான்.

“இதுல எழுதினா வேலை கிடைக்குமா?”

வரவேண்டிய கேள்வி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து யாரும் கொடுக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பைத்தானைச் செய்தவர் டச்சுக்காரர், ரூபியைச் செய்தவர் ஜப்பான்காரர். இரண்டு பேருமே வார்த்தைகளுக்கு இங்கிலீஷைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் (இது ‘பட்’) ரஷ்யாவில் 1சி என்று ஒரு கம்பெனி, 1991-ல் தொடங்கியது. அவர்கள் கணக்கு சாஃப்ட்வேரில் ‘இஃப்’புக்குப் பதில் ‘யெஸ்லி’ என்று ரஷ்ய மொழியிலேயே எழுதலாம். ஏராளமான ரஷ்யர்கள் அதை வைத்தே சம்பளம் வாங்குகிறார்கள். மொழிப்பற்று மட்டும் அதைச் செய்யவில்லை. கம்பெனிகளுக்கு மாசக் கணக்கு முடிந்தாக வேண்டியிருந்தது. நம் ஊர் அரிசி மண்டிக்கு ஒருத்தரும் அப்படி எழுதித் தரவில்லையே!

“அதுவரைக்கும் பைத்தான்லயே எழுது. ஆனா முதல்ல தமிழ்ல யோசி. யோசிச்சதுல சொல்லாம விட்டது என்னன்னு தேடு” என்றேன்.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த மச்சான், காலைக் கழுவிக்கொண்டே, “நாளைக்குத் தண்ணி விட்டா ஆளுக்குச் சொல்லணும்” என்றார்.

“விட்டாவா, விட்டாத்தானாப்பா?” என்றான் பயல். “விடாட்டி என்ன பண்ணுவீங்க?”

மச்சான் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுக்குத்தான் பட்டணத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தீங்களா?”