ராத்திரியில் மெயில், விடிந்தால் வேலை இல்லை!

2022-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி. வியாழக்கிழமை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்த டுவிட்டர் கம்பெனி ஊழியர்களுக்கு சாயங்காலம் ஒரு மெயில் வந்தது. கீழே யார் பெயரும் இல்லை. "டுவிட்டர்" என்று மட்டும் போட்டிருந்தது.

நாளைக் காலை 9 மணிக்குள் உங்களுக்கு வேலை உண்டா, இல்லையா என்று தெரிவிப்போம். உண்டு என்றால் ஆபீஸ் மெயிலுக்குத் தகவல் வரும். இல்லை என்றால் உங்கள் சொந்த மெயிலுக்கு வரும். நாளை ஆபீஸ் கிடையாது. நுழைவு அட்டை வேலை செய்யாது. ஆபீசுக்கு வந்து கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகவும்.

இதுதான் அந்த மெயிலின் சாரம்.

காலை வரை கூட பலர் காத்திருக்கத் தேவைப்படவில்லை. அன்று ராத்திரியே அவர்கள் லேப்டாப் திறக்க மறுத்துவிட்டது. அதிலிருந்தே புரிந்து கொண்டார்கள், கல்தா என்று! மறுநாள் கணக்குப் பார்த்தால் சுமார் 7,500 பேரில் பாதிப் பேர் அவுட்.

போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், கார்ப்பரேஷன் என்று அலைகிற நிருபர் நான். கோடீசுவரர் கம்பெனி விவகாரம் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பிக்பாக்கெட் கேசில் பிடிபட்டவனுக்குக் கூட இன்ன குற்றம், இன்ன செக்ஷன் என்று சொல்லித்தான் ரிமாண்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே வருஷக்கணக்கில் உழைத்தவனுக்கு அது கூட இல்லை. நான் ஏன், என் பக்கத்து சீட்காரர் ஏன் இல்லை? பதில் சொல்ல ஆள் இல்லை.

தொட்டியோடு வந்தவர்

முதலாளி எலான் மஸ்க்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மின்சார கார், ராக்கெட் இரண்டிலும் ஜெயித்தவர். கெட்டிக்காரர்தான். அதை யாரும் மறுக்கவில்லை.

2022 ஏப்ரலில் டுவிட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்குவதாக ஒப்பந்தம் போட்டார். ஜூலையில் "எனக்கு வேண்டாம்" என்றார். கம்பெனி டெலவேர் கோர்ட்டில் வழக்குப் போட்டது. விசாரணை தேதி நெருங்கியதும் "சரி, வாங்கிக்கிறேன்" என்று திரும்பினார். அக்டோபர் 26-ந் தேதி ஆபீசுக்குள் நுழைந்தபோது கையில் ஒரு கை கழுவும் தொட்டி! அவர்கள் ஊர்ப் பேச்சில் அது ஒரு சிலேடையாம். நம் ஊர்ப் பேச்சிலும் அர்த்தம் இருக்கிறது. மறுநாள் கிரயம் முடிந்தது. அன்றே தலைமை அதிகாரி பராக் அகர்வால், நிதி அதிகாரி நெட் சீகல், சட்ட அதிகாரி விஜயா கட்டே மூவரையும் கை கழுவிவிட்டார்!

அகர்வால் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். விஜயா ஐதராபாத்தில் பிறந்தவர். இன்னொரு சங்கதி. அந்த நாட்களில் மஸ்க்குக்கு உதவிக்கு நின்றவர்களில் ஒருவர் நம் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன். இந்தியாவில் இருந்த டுவிட்டர் ஊழியர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அதே வாரம் சீட்டுக் கிழிந்தது.

யார் தலையில் கடன்?

"தினமும் 40 லட்சம் டாலர் நஷ்டம். வேறு வழி இல்லை" என்று அப்போது மஸ்க் சொன்னார்.

நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் ஆளைக் குறைக்க முதலாளிக்கு உரிமை உண்டு. இதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கம்பெனியை வாங்கக் கடன் வாங்கினாரே, அதில் 1,300 கோடி டாலர் கம்பெனியின் தலையிலேயே ஏறியது. வருஷ வட்டி மட்டும் சுமார் 100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். வீட்டை வாங்கியவர், வாங்கிய கடனை வீட்டில் குடியிருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டு, செலவு ஜாஸ்தி, நீங்கள் காலி பண்ணுங்கள் என்றால் எப்படி?

அதுவும் போகட்டும். கேள்வி வேறு. பெயரை அடித்தாரே, யார் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்தா அடித்தார்?

பார்க்கவில்லை. அதற்கு சாட்சி அவர்களே! நீக்கிய சில நாட்களுக்குள் சிலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தவறுதலாக நீக்கிவிட்டோம், உங்கள் வேலை தேவைப்படுகிறது என்று. ஒரு கம்பெனியை வாங்கி ஒரு வாரத்தில் பாதிப் பேரைத் தூக்கினால் வேறு என்ன நடக்கும்?

நீல நிற டிக் விவகாரத்தைப் பாருங்கள். பிரமுகர்களின் கணக்கு அசல்தான் என்று அதுவரை காட்டிய அடையாளம் அது. 8 டாலர் கொடுத்தால் யாருக்கும் உண்டு என்று நவம்பர் 9-ந் தேதி திறந்துவிட்டார். போலிகள் கிளம்புவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே எச்சரித்திருந்தார்கள். கேட்கவில்லை. மறுநாளே எலி லில்லி என்கிற பெரிய மருந்துக் கம்பெனியின் பெயரில் ஒரு போலி, "இன்சுலின் இனி இலவசம்" என்று போட்டுவிட்டது. அசல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று. பாவம், அதை நம்பிய சர்க்கரை நோயாளிகளும் இருந்திருப்பார்கள். இரண்டே நாளில் திட்டத்தை நிறுத்தினார்கள்.

மிச்சம் இருந்தவர்களுக்கு நவம்பர் 16-ந் தேதி அடுத்த மெயில். தலைப்பு, "பாதை பிரியும் இடம்". ராப்பகலாக கடுமையாக உழைக்கத் தயார் என்றால் நாளை 5 மணிக்குள் "சரி" என்று அழுத்துங்கள், இல்லையென்றால் மூன்று மாத சம்பளத்தோடு போகலாம். நூற்றுக்கணக்கான பேர் "போகிறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். உடனே ஆபீசுகளைச் சில நாள் பூட்டி வைத்தார்கள்.

"எனக்கு வேலை இருக்கா?"

2023 மார்ச்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஐஸ்லாந்து நாட்டுக்காரர் ஹரால்துர் தோர்லெய்ஃப்சன். சொந்தக் கம்பெனியை 2021-ல் டுவிட்டருக்கு விற்றுவிட்டு அங்கேயே வேலையில் சேர்ந்தவர். தசை நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒன்பது நாளாக அவருக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. வேலை இருக்கிறதா என்று ஊழியர் பிரிவைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை! கடைசியில் ஊர் பார்க்க, டுவிட்டரிலேயே மஸ்க்கைக் கேட்டார். மஸ்க் என்ன செய்தார்? "நீ என்ன வேலை செய்தாய்?" என்கிற தோரணையில் கிண்டல் செய்தார். அவர் உடல் குறையையும் இழுத்தார். பிறகு விஷயம் தெரிந்து மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டது நல்லதுதான். ஆனால் வேலை இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்து கொள்ள ஒரு மனிதன் நடுத்தெருவில் நின்று கூவ வேண்டியிருக்கிறதே!

துடைப்பமும் போச்சு

பொறியாளர்கள் கதையைத்தான் எல்லோரும் எழுதினார்கள். படித்தவர்கள், எங்கேயாவது பிழைத்துக் கொள்வார்கள். எனக்கு உறுத்துவது சுத்தம் செய்கிற தொழிலாளர்கள் விவகாரம்.

2022 டிசம்பர் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ தலைமை ஆபீசில் துப்புரவு காண்டிராக்ட் முறிந்தது. கிறிஸ்துமஸ் வருகிற மாசம். அங்கே வருஷக்கணக்கில் கக்கூஸ் கழுவியவர்கள், தரை துடைத்தவர்கள் வெளியே வாசலில் அட்டை பிடித்துக் கொண்டு நின்றார்கள். பங்குப் பத்திரமா இருக்கிறது அவர்கள் கையில்? உள்ளே நிலைமை என்ன தெரியுமா? கழிவறைக் காகிதத்தை ஊழியர்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. உலகத்தின் பெரும் பணக்காரர் நடத்துகிற ஆபீஸ்!

சில அறைகளில் கட்டில் போட்டு ஊழியர்களைத் தூங்க வைத்தார்கள். புகார் போய், நகர கட்டிட இலாகா சோதனைக்கு வந்தது. ஒரு கட்டிடத்தின் வாடகை பாக்கி 1,36,250 டாலர் என்று சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். 2023 ஜூலையில் பெயரை "எக்ஸ்" என்று மாற்றி, கூரை மேல் கண்ணைப் பறிக்கும் எக்ஸ் விளக்கு வைத்தார்கள். அதற்கு பெர்மிட் இல்லை. 24 புகார். சில நாளில் கழற்றினார்கள். இதெல்லாம் நம் கார்ப்பரேஷன் பீட்டில் தினம் பார்க்கிற கேசுகள்தான். ஆனால் இவர் பெரிய மனுஷர் ஆயிற்றே!

ஓடுகிறதே, அதற்கு என்ன?

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். இத்தனை பேரை அனுப்பினால் டுவிட்டர் படுத்துவிடும் என்று அன்று ஆரூடம் சொன்னவர்கள் ஏராளம். படுக்கவில்லை. 2023 ஏப்ரலில் பி.பி.சி. பேட்டியில், ஏறக்குறைய 8,000 பேர் இருந்த இடத்தில் 1,500 பேர்தான் என்று மஸ்க்கே சொன்னார். அந்த ஆட்களை வைத்து ஓட்டிக் காட்டினார்.

ஓடியது. எந்த நிலையில்? 4,400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஐந்தாவது மாதத்தில், கம்பெனியின் மதிப்பு 2,000 கோடி என்று ஊழியர்களுக்கு எழுதியவர் அதே மஸ்க்தான். பெரிய பெரிய விளம்பரக்காரர்கள் ஒதுங்கினார்கள். "நான் தலைமைப் பதவியை விட்டு விலகவா?" என்று 2022 டிசம்பரில் அவரே ஓட்டு நடத்தினார். 57.5 சதவீதம் பேர் "விலகு" என்றார்கள். வேறு ஆளைத் தலைமை அதிகாரியாக உட்கார வைக்க 2023 ஜூன் ஆயிற்று. வந்தவர் லிண்டா யாக்கரினோ. அவரும் 2025 ஜூலையில் விலகிவிட்டார்.

அரசாங்கத்திலும் அதே மெயில்

இதை இன்றைக்கு ஏன் கிளறுகிறேன்? ஒரு கம்பெனியோடு அது நிற்கவில்லை. 2024-ல் டெஸ்லாவில் மின்சார கார் சார்ஜ் செய்கிற பிரிவைக் கூண்டோடு கலைத்தார். பிறகு சிலரைத் திரும்பக் கூப்பிட்டார்.

2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு ஊழியர் சுமார் 20 லட்சம் பேருக்கு மெயில் போனது. விலக விரும்புகிறவர்கள் விலகலாம் என்று. தலைப்பு? "பாதை பிரியும் இடம்"! கிட்டத்தட்ட அதே தலைப்பு. செலவைக் குறைக்கிற வேலையை டிரம்ப் அப்போது மஸ்க்கிடம் கொடுத்திருந்தார். சுமார் 75,000 பேர் விலகச் சம்மதித்தார்கள்.

பிப்ரவரியில் அணு ஆயுதங்களைப் பராமரிக்கிற இலாகாவில் கத்தி விழுந்தது. விழுந்த பிறகுதான் அவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள் என்று தெரிந்திருக்கிறது. நீக்க உத்தரவை ரத்து செய்து திரும்பக் கூப்பிடப் பார்த்தால், ஆபீஸ் மெயிலை ஏற்கனவே மூடிவிட்டார்கள். சிலரைப் பிடிக்க வழி தெரியாமல் திண்டாடினார்கள்! டுவிட்டரில் நடந்ததே அணுகுண்டு இலாகாவிலும்.

மே மாதக் கடைசியில் மஸ்க் அரசு வேலையை விட்டுக் கிளம்பினார்.

டுவிட்டர் ஊழியர்களின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தங்களுக்குச் சேர வேண்டிய விலகல் பணம் 50 கோடி டாலர் என்று கேட்டார்கள். 2024-ல் நீதிபதி தள்ளுபடி செய்தார். அப்பீல் போனார்கள். 2025 ஆகஸ்டில், சமரசத்துக்கு ஒப்புக் கொண்டதாக கோர்ட்டில் சொன்னார்கள். முதல் நாளே கல்தா வாங்கிய அகர்வால் உள்ளிட்ட அதிகாரிகள் கேட்டது 12 கோடியே 80 லட்சம் டாலர். அதுவும் அந்த அக்டோபரில் சமரசம் என்றார்கள். இரண்டிலும் எவ்வளவு பணம் கை மாறியது என்று வெளியே விடவில்லை. வாசலில் அட்டை பிடித்து நின்றவர்கள் இந்த இரண்டு வழக்கிலும் கட்சிக்காரர்கள் அல்ல.