ஹந்தானைக்கு ஏறினா கண்டி மட்டும்தான் தெரியுமா?

வெளியூர் நண்பர்கள் கண்டிக்கு வந்தா முதல்ல கேக்கிறது தலதா மாளிகை. ரெண்டாவது ஹந்தானை. ஹந்தானைனு சொன்ன உடனே ஆலோசனைகள் குவியும். காலையிலேயே ஏறுங்க, பின்னேரம் மூடுபனி இறங்கிடும். அட்டைக்கு உப்பு கொண்டுபோங்க. பைனஸ் காட்டுக்குள்ள பாதையை விட்டு விலகாதீங்க. எல்லாமே சரியான ஆலோசனைதான். ஆனா ஏறுற வழியில் குடியிருக்கிற மனிதர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. எனக்குப் பிரச்சினை அங்கேதான்.

காட்சியைக் குறை சொல்ல எனக்கும் மனசு வராது. கண்டி ஆஸ்பத்திரிப் பக்கத்தால் போகிற ஹந்தானை வீதியில் ஓட்டோ முக்கி முக்கித்தான் ஏறும். மேலே போனதும் வாவியும் மாளிகையும் பஹிரவகந்தைப் புத்தர் சிலையும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். மலையின் மறுபக்கத்துக்குப் போனால் பேராதனைப் பல்கலைக்கழகம். போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் ஏன் இந்த நகரத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை என்பது பாடப் புத்தகத்தைவிட இங்கே நின்றால்தான் விளங்கும். சுற்றிவர மலைதான் கோட்டை. 1815இல் ஆங்கிலேயரிடம் போகும்வரை அது தாங்கியது.

நாம் போட்டி போட்டுப் படம் எடுக்கிற அந்த வாவியைக் கட்டியவன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம். நாடு கடத்தப்பட்டு 1832இல் வேலூரில் செத்துப்போனான். அவனுடைய உறவுக்காரர்கள் குடியிருந்த மலபார் வீதி இன்றைக்கும் நகரத்துக்குள் இருக்கிறது. 1988இல் கண்டி உலக மரபுரிமை நகரமானது. கீழே தெரிகிற நகரத்துக்கு இப்படிச் சொல்லி முடியாத கதைகள் உண்டு, அதைச் சொல்லப் பலகைகளும் வழிகாட்டிகளும் உண்டு. நாம் நின்றுகொண்டிருக்கிற மலைக்கு?

சிங்களத்தில் ஹந்தானை என்றாலே காதல். 1969இல் வந்த 'ஹந்தானே கதாவ' படத்துக்குப் பிறகு பேராதனை மாணவர்களின் இளமைக்கே அது இன்னொரு பெயராகிவிட்டது. அழகான விஷயம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனா மலையகத் தமிழ் வீடுகளில் ஹந்தானை என்றால் அது ஒரு தோட்டத்துப் பேர். யாருக்காவது அங்கே மாமா இருப்பார், அத்தை கொழுந்து எடுத்திருப்பார். ஒரே மலை, ரெண்டு நினைவு. ஒன்றுக்குப் பாட்டும் படமும் கிடைத்தது, மற்றதுக்கு லயம்.

கண்டி விழுந்த கொஞ்ச காலத்திலேயே இந்த மலைகளில் கோப்பி வந்தது. அதுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்களுக்குக் கல்லறை கூடக் கிடையாது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, கோப்பி மூட்டையை இறக்குவதற்கு. 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்தது, பிறகு தேயிலை. ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 1925இல் கட்டப்பட்டது. இன்றைக்கு அதுதான் தேயிலை அருங்காட்சியகம். பழைய உருளை இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லர் நினைவுப் பொருட்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. மேல் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டே கண்டியைப் பார்க்கலாம். இரும்புக்குக் கிடைத்த இந்த மரியாதையில் பாதியாவது அதைச் சுற்றவைத்த கைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஹந்தானைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி, பழங்கதையை விடுவோம். இப்போதைய நிலைமை என்ன? 1948இல் பறித்த குடியுரிமைப் பிரச்சினையை முழுசாகத் தீர்க்கச் சட்டம் 2003 வரை போனது. நாட்கூலியை 1000 ரூபாயாக்க வருஷக்கணக்கில் போராடி 2021இல்தான் கிடைத்தது. 2024இல் 1350. ஹந்தானைத் தோட்டம் அரசாங்கத்தின் ஜனவசமவுக்குக் கீழே வருவது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் சேமலாப நிதி நிலுவைக்காக அலைகிறார்கள் என்பது ஜனவசம தோட்டங்களில் பல வருஷமாகக் கேட்கிற கதை. தலைமுறை தலைமுறையாக இருக்கிற லயத்துக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. ஒரு கூரைத் தகரத்தை மாற்றுவதென்றாலும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய நிலைமை.

2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நான் அதை முழுக்க ஆதரிக்கிறேன். இந்த மலையை வெட்டினால் மண் சரியும், கீழே போகிற ஊற்றுகளும் வற்றும். ஆனா பாதுகாப்பு என்றவுடன் முதலில் தட்டுப்படுவது லயத்துக்காரர் பின்பக்கம் போட்ட சின்னக் குசினியா, இல்லை காட்சிக்காக மலை விளிம்பில் எழும்புகிற விடுதியா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ரெண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

"சுற்றுலா வளர்ந்தா அவங்களுக்கும் வேலைதானே மச்சான்"னு சொல்லுவாங்க. யாருக்கு என்ன வேலை? விடுதியில் பாத்திரம் கழுவுகிற வேலையென்றால் அது பழைய கதையின் அடுத்த அத்தியாயம். மலையேற்ற வழிகாட்டியாக ஏன் தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றக் கூடாது? மூடுபனியில் வழி தவறியவர்களைத் தேடிப் போக இந்தப் பாதைகளைக் கைரேகை மாதிரித் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனா அதுக்கு முதல், இருக்கிற வீட்டுக்கும் காணிக்கும் பத்திரம். சொந்தக் காணி இருந்தால் ஒரு தேத்தண்ணிக் கடையோ ரெண்டு அறை வாடகை வீடோ அவர்களே போட்டுக்கொள்வார்கள். யாரும் வேலை கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக, அடுத்த கிழமை ஏறப் போகிறவர்களுக்கு. போங்க, கட்டாயம் போங்க. பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாங்க. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிற அக்காவிடம் கேட்காமல் கெமராவை நீட்டாதீங்க. அவருக்கு அன்றைக்கு நிறுக்க வேண்டிய கிலோக் கணக்கு இருக்கிறது, உங்களுக்காக நின்று சிரிக்க நேரமில்லை. இறங்கும்போது ஓட்டோ பிடிக்காமல் நடந்து வாங்க. லயத்துப் பக்கம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருப்பார்கள், பந்து பள்ளத்துக்குள் போனால் ஆட்டம் முடிஞ்சுது. வழியில் கடை இருந்தா ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் கதைச்சிட்டு வாங்க.